கிளை விடும் குறிப்பு

தேனீயைப் பற்றி நான்கு பக்கப் பாடம். படிக்க உட்காரும் மாணவி கோடு போட்ட நோட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளைப் படுக்கைவாட்டில் வைத்து நடுவில் தேனீ ஒன்றை வரைகிறாள். ஆறு கால் வந்துவிட்டால் போதும், ஓவியப் போட்டி இல்லை. தேனீயைச் சுற்றி மரக்கிளை மாதிரி நான்கு தடித்த கோடுகள்: குடும்பம், கூடு, வளர்ச்சி, நடனம். குடும்பத்திலிருந்து ராணி, ஆண், வேலைக்காரத் தேனீ என்று மூன்று சிறு கிளைகள். வளர்ச்சியில் வெறும் எண்கள்தான்: 16, 24, 21. முட்டையிலிருந்து முழுத் தேனீயாக அந்த மூவருக்கும் முறையே ஆகும் நாட்கள் அவை.

நடனத்துக்கு வரும்போதுதான் தாள் சூடுபிடிக்கிறது. பூ இருக்கும் திசையைக் கூட்டாளிகளுக்குச் சொல்ல, இருண்ட கூட்டுக்குள் செங்குத்தாகத் தொங்கும் அடையின் மேல் தேனீ ஆடுகிறது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து பூ எத்தனை பாகை விலகியிருக்கிறதோ, நேர் மேல்திசையிலிருந்து அத்தனை பாகை சாய்ந்து ஓடிக் காட்டுகிறது. ‘சூரியன்’, ‘கோணம்’ என்று எழுதியவள் சற்று யோசிக்கிறாள். அடை செங்குத்தாகத் தொங்குவதால்தானே இந்தக் கணக்கு நடக்கிறது? கூட்டுக் கிளையிலிருந்து நடனக் கிளைக்கு வளைவாக ஓர் அம்பு போடுகிறாள். பாடத்தில் இரண்டு பக்கம் தள்ளித் தள்ளிக் கிடந்த செய்திகள் அவை.

இதற்குப் பெயர் மனவரைபடம்.

இதைப் பரப்பியவர் இங்கிலாந்துக்காரரான டோனி பூசான் (1942–2019). 1974-இல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் வழியாகவும் ‘யூஸ் யுவர் ஹெட்’ என்ற புத்தகம் வழியாகவும் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். நடுவில் படம், ஒரு கோட்டுக்கு ஒரே சொல், கிளைக்கொரு வண்ணம் என்பவை அவர் வகுத்த விதிகள். ஆனால், கிளை பிரித்து எழுதும் பழக்கம் அவருக்கு வெகு முந்தியது. மூன்றாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் போர்ஃபிரியின் பெயரிலேயே ஒரு மரப்படம் உண்டு. 1837-இல் டார்வின் தம் குறிப்பேட்டில் உயிரினங்களின் உறவைக் கிறுக்கிப் பார்த்ததும் ஒரு மரமாகத்தான். மூளையின் இடப்பாதி, வலப்பாதி என்று பூசான் சொன்ன விளக்கங்களை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை. அதை விட்டுவிடலாம், முறை பயன்படுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2000-களின் பிற்பகுதியில் அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வியில், பாடத்தைப் படித்ததும் பிள்ளைகள் மனவரைபடம் வரைவது ஒரு கட்டாயப் படியாக இருந்தது. அந்த வகுப்புகளில் படித்தவர்களுக்கு ஸ்கெட்ச் பேனாவுக்கு அடித்துக்கொண்டதும் நினைவிருக்கும்.

வரைந்தால் நினைவில் நிற்குமா? 2002-இல் லண்டனில் மருத்துவ மாணவர்கள் 50 பேருக்கு 600 சொல் கட்டுரை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்து, மனவரைபடம் வரைந்தவர்களுக்கே கூடுதலான செய்திகள் நினைவிருந்தன. வேடிக்கை என்னவென்றால், தங்கள் வழக்கமான முறையில் படித்தவர்களைவிட அவர்களுக்கு ஆர்வம் குறைவாக இருந்தது. புது முறை என்றால் கொஞ்சம் கசக்கத்தானே செய்யும்!

2011-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கார்ப்பிக், பிளன்ட் இருவரும் நடத்திய சோதனை வேறொன்றைக் காட்டியது. மனவரைபடத்தின் உறவுக்கார முறையான கருத்து வரைபடத்தை ஒரு குழு பாடத்தைப் பார்த்தபடியே வரைந்தது. இன்னொரு குழு பாடத்தை மூடிவைத்து, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதியது. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் மூடிவைத்து எழுதியவர்களே முந்தினார்கள். வரைபடம் தோற்றது என்று இதைப் படிப்பது தவறு. 2014-இல் அதே இருவர், வரைபடத்தையும் பாடத்தை மூடிவைத்தே வரையச் செய்தபோது அதுவும் நல்ல பலனே தந்தது. ஆக, சங்கதி படத்திலோ வண்ணத்திலோ இல்லை, நினைவிலிருந்து இழுத்து எடுப்பதில் இருக்கிறது.

தேனீப் படம் அழகாக வந்துவிட்டதென்று உடனே சுவரில் ஒட்டிவிட வேண்டாம். மறுநாள் காலையில் அதையும் புத்தகத்தையும் மூடிவைத்து, வெறுந்தாளில் மறுபடி வரைந்து பாருங்கள். விட்டுப்போன கிளைகளை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். திரும்பப் படிக்க வேண்டியது அந்தச் சிவப்பு மட்டும்தான்.