வழிகாட்டும் திரையும் வம்பு செய்யும் ஒயரும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92-ஆம் ஆண்டுகளில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒருவர், இருவர் அல்ல, பல்லாயிரம் பேர்! அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் அளித்தார்.

அந்தக் காலத்துச் சைக்கிளில் டைனமோ இருக்கும். சக்கரத்தில் உரசிக்கொண்டு அது சுற்றும். விளக்கு எரியும். சைக்கிள் நின்றால் விளக்கும் அணையும். டைனமோவைப் போட்டதும் மிதிக்கிறவருக்குக் கால் கனக்கும். வெளிச்சம் சும்மா வருவதில்லை என்பது அந்தக் காலுக்குத் தெரியும்.

இன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். கைப்பிடியில் செல்போன், அதற்கு ஒரு சார்ஜர். முன்னால் இரண்டு பெரிய விளக்குகள். இரட்டை ஹாரன். இத்தனைக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு டைனமோவில் இருந்துதான். அது தரும் மின்சாரம் பாட்டரியில் சேருகிறது. வரவுக்கு ஓர் அளவு உண்டு. செலவு அதற்கு மேல் போனால் பாட்டரி கடன் கொடுக்கும். எத்தனை நேரம் கொடுக்கும்?

முள் சொன்ன கணக்கு

புல்லட் மோட்டார் சைக்கிள் 1955-ல் சென்னையில் தயாராகத் தொடங்கியது. பழைய புல்லட்டின் தலைவிளக்குக்கு மேலே சிறிய வட்ட மீட்டர் ஒன்று இருக்கும். அதற்கு அம்மீட்டர் என்று பெயர். முள் ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டரிக்கு வரவு. மறு பக்கம் சாய்ந்தால் செலவு. பழைய மெக்கானிக்குகள் அந்த முள்ளைப் பார்த்தே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவார்கள்.

இப்போதைய வண்டிகளில் அந்த முள் இல்லை. ஆகவே கணக்கை நாமே போட வேண்டும். கணக்கு எளிது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும்.

செல்போன் சார்ஜருக்குச் சுமார் 10 வாட். வண்டியின் பாட்டரி 12 வோல்ட். ஆக, ஓர் ஆம்பியர்கூட ஆகாது. பயப்பட வேண்டாம்.

ஆனால் 55 வாட் விளக்கு இரண்டு மாட்டினால் 110 வாட். அது 9 ஆம்பியருக்கு மேல்! சிறு வண்டியின் பாட்டரியோ 4 ஆம்பியர்-மணிதான். அந்த விளக்குகளைப் பாட்டரி மட்டும் தாங்க வேண்டி வந்தால் அரை மணி நேரம்கூடத் தாங்காது. எல்.இ.டி. விளக்கானால் செலவு மிகவும் குறைவு.

அம்மீட்டருக்குப் பதிலாக ஒரு சிறு வோல்ட் மீட்டரை மாட்டிக்கொள்ளலாம். என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் வரவு சரி. ஓடும்போதே 12-க்குக் கீழே இறங்கினால் எதையாவது அணைத்தாக வேண்டும்.

பெட்ரோலுக்கு அடியில் நெருப்பு

மின்சாரம் போதாவிட்டால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். ஒயர் கெட்டால்தான் உயிருக்கு ஆபத்து.

பாட்டரியில் இருந்து கைப்பிடிக்குப் போகும் ஒயர் பெட்ரோல் டாங்கிக்கு அடியில் போகிறது. வண்டி அதிர அதிர ஒயரின் மேலுறை இரும்புச் சட்டத்தில் உரசுகிறது. மாதக்கணக்கில் உரசி, ஒரு நாள் செம்பு வெளியே தெரிகிறது. அது சட்டத்தைத் தொட்டால் என்ன ஆகும்? வண்டியின் சட்டம் முழுவதுமே பாட்டரியின் எதிர்முனையோடு சேர்ந்தது. பாட்டரியின் முழு வேகமும் அந்த ஒயரில் பாயும். ஒயர் பழுக்கக் காய்ந்துவிடும். மேலே பெட்ரோல்!

இதைத் தடுக்கத்தான் பியூஸ். அதற்குள் ஒரு மெல்லிய உலோகத் துண்டு இருக்கிறது. அளவுக்கு மேல் மின்சாரம் வந்தால் அது உருகி அறுந்துபோகும். ஒயர் பிழைக்கும், வண்டியும் பிழைக்கும். சில ரூபாய்ச் சாமான்! அதைப் பாட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். கைப்பிடியில் வைத்தால், வழியில் உரசும் ஒயருக்குக் காவல் இல்லை.

பியூஸ் போனால் சிலர் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சொருகுகிறார்கள். வண்டி ஓடும். ஆனால் அந்தத் தாள் சமயத்தில் உருகாது. இதைவிட ஒயரைத் தானே கொளுத்திவிடலாம்!

பெரிய விளக்கு, இரட்டை ஹாரன் மாட்டினால் 'ரிலே' வேண்டும். கைப்பிடி சுவிட்ச் மெல்லியது; 9 ஆம்பியரைத் தாங்காமல் உள்ளே கருகிவிடும். ரிலே வைத்தால் சுவிட்ச் ஒரு சிறு மின்காந்தத்தை மட்டும் இயக்கும். பெரிய சுமையை அந்த மின்காந்தம் இழுத்து மூடும் கதவு பார்த்துக்கொள்ளும்.

ஒயரை முறுக்கி டேப் ஒட்டினால் ஐப்பசி மழை வரை தாங்கும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கத்தில் கடல் காற்று அதற்கு முன்பே செம்பைப் பச்சையாக்கிவிடும். ஈயம் வைத்துப் பற்றி, மேலே சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் உறையைப் போடுவது நல்லது. கைப்பிடி திரும்பும் இடத்தில் ஒயர் சற்றுத் தளர்ந்திருக்க வேண்டும்.

வானத்தில் இருந்து வழி

சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் புதிதாக வருகிறவருக்கு இன்று செல்போன் வழி சொல்கிறது. சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்களில் இருந்து வரும் அலைகளை அது வாங்குகிறது. குறைந்தது நான்கு துணைக்கோள்கள் தென்பட்டால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். இதற்குக் காசு இல்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். வரைபடத்துக்குத்தான் இன்டர்நெட் வேண்டும். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத பொட்டலிலும் வழி தெரியும்.

வண்டியோடு வரும் திரைகளும் உண்டு. 2018-ல் வந்த டி.வி.எஸ். என்டார்க் ஸ்கூட்டர் வழியைத் தன் மீட்டரிலேயே காட்டியது. 2020-ல் வந்த ராயல் என்பீல்டு மீட்டியார் வண்டியில் இதற்கென்றே ஒரு சிறு வட்டத் திரை வைத்தார்கள். செல்போன் பையில் இருக்கும். திரையில் அம்புக்குறி மட்டும் தெரியும். செல்போனைக் கைப்பிடியில் மாட்டுவதைவிட இது மேல். பெரிய என்ஜின்களின் அதிர்வு செல்போன் காமிராவைக் கெடுக்கலாம் என்று ஐபோன் செய்யும் ஆப்பிள் கம்பெனியே 2021-ல் எச்சரித்தது.

அதைவிடப் பெரிய விஷயம் கண். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. திரையை இரண்டு வினாடி பார்த்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். திருமயம் சாலையில் அந்த 33 மீட்டரில் ஓர் ஆட்டு மந்தையே குறுக்கே வந்துவிடும்!

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. ஓட்டும்போது செல்போனை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம். அதுவும் கவனம் சிதறாதபடி. இந்த விதி 2020 அக்டோபர் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. பல ராகம் பாடும் ஹாரனுக்கும், முன்பக்கம் சிவப்பு விளக்குக்கும் அனுமதி கிடையாது.

நிற்கும் வண்டியும் தின்னும்

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். வண்டி வீட்டில் நிற்கும். சார்ஜரை நேராகப் பாட்டரியில் இணைத்திருந்தால், சாவியை எடுத்த பிறகும் அது தின்றுகொண்டே இருக்கும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி. 17 நாளில் 4 ஆம்பியர்-மணி பாட்டரி காலி! சாவியைத் திறந்தால் மட்டும் மின்சாரம் வருகிற ஒயரில் இணைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

நெடுநாள் வண்டியை நிறுத்துகிறவர்கள் பாட்டரி ஒயரைக் கழற்றி வைக்கலாம். முதலில் கழற்ற வேண்டியது எதிர்முனை. நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது எதிர்முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும்.