திருடனைக் காட்டிய படம்

அமெரிக்காவில் நியூயார்க் என்ற பெரிய நகரம் உள்ளது. 1857-ஆம் ஆண்டு அங்கே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியது. அதன் பெயர் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'. அதில் நிறையப் படங்கள் வந்தன.

அப்போது புகைப்படத்தைப் பத்திரிகையில் அச்சிட வழியில்லை. ஓவியர் வரைந்த படத்தை மரக்கட்டையில் செதுக்குவார்கள். பெரிய படம் என்றால் கட்டையைப் பல துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டைச் செதுக்குவார்கள். பிறகு துண்டுகளைச் சேர்த்து அச்சிடுவார்கள்.

அந்தப் பத்திரிகையில் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் படம் வரைந்தார். அந்த நாளில் நகர நிர்வாகம் ட்வீட் என்ற அரசியல் தலைவரின் பிடியில் இருந்தது. அவருடைய ஆட்கள் கட்டட வேலைக்குப் பொய்க் கணக்கு எழுதினார்கள். மக்களின் வரிப்பணம் கொள்ளை போனது.

1871-இல் 'நியூயார்க் டைம்ஸ்' செய்தித்தாள் அந்தக் கணக்கை வெளியிட்டது. ஆனால் நகரத்தில் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாஸ்ட் ஒரு படம் வரைந்தார். அதில் ட்வீட்டுக்குத் தலை இல்லை. தலை இருக்கும் இடத்தில் பணமூட்டை இருந்தது! பார்த்தவர்களுக்கு உடனே புரிந்தது.

அந்த ஆண்டுத் தேர்தலில் ட்வீட்டின் ஆட்கள் பலர் தோற்றார்கள். 1873-இல் ட்வீட் சிறைக்குப் போனார். 1875-இல் தப்பி ஓடினார். 1876-இல் ஸ்பெயின் நாட்டில் பிடிபட்டார். அவரை அடையாளம் காட்டியதும் நாஸ்டின் படம்தான். 1878-இல் ட்வீட் சிறையிலேயே இறந்தார். பத்திரிகை 1916 வரை வந்தது.

திருடன் யார் என்று படம் சொன்னது. எவ்வளவு திருடினான் என்று கணக்குச் சொன்னது. படத்தைப் பார்க்கக் கண் போதும். கணக்கைப் பார்க்க எழுத்தும் எண்ணும் வேண்டும்.