ஒகேனக்கல்லில் சீசன்: பரிசல் ஓடுமா?

ஆனி பிறந்துவிட்டால் தர்மபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"தண்ணீர் எவ்வளவு வருகிறது?"

பரிசல் ஓட்டுகிறவர் கேட்கிறார். மீன் வறுத்து விற்கும் பெண் கேட்கிறார். எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி கேட்கிறார். அந்தத் தண்ணீரில்தான் அவர்கள் வீட்டு அடுப்பு எரிகிறது!

புகையும் கல்

கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. பாறையில் மோதும் நீர் புகைபோல் எழும்புவதால் 'புகையும் கல்' என்று பெயர் வந்தது. தர்மபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர் தூரம். காவிரி தமிழ்நாட்டுக்குள் வந்ததும் பல கிளைகளாகப் பிரிந்து, பாறை இடுக்குகளில் விழுகிறது.

மழை அங்கே, வெள்ளம் இங்கே

ஒகேனக்கல்லில் ஒரு தூறல்கூட இருக்காது. ஆனால் ஆறு பொங்கும். எப்படி?

காவிரி பிறப்பது குடகு மலையில். அதன் துணை ஆறான கபினி பிறப்பது கேரளத்து வயநாட்டில். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இரண்டு இடங்களிலும் மழை கொட்டும். அந்தத் தண்ணீரைக் கர்நாடகத்தில் உள்ள கபினி அணையும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் தேக்கி வைக்கும்.

கபினி சிறிய அணை. ஆகவே சீக்கிரம் நிரம்பிவிடும். அது நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டால், ஒகேனக்கல்லில் சீசன் தொடங்கப் போகிறது என்று பொருள்!

எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீரை அளக்கிறது. கணக்கு 'கன அடி'யில். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். வினாடிக்கு 10 ஆயிரம் கன அடி என்றால், நீங்கள் கண் சிமிட்டி முடிப்பதற்குள் ஆயிரம் குடமல்ல, பல ஆயிரம் குடம் தண்ணீர் ஓடிவிடும்!

குறைந்தாலும் கஷ்டம், கூடினாலும் கஷ்டம்

மூங்கில் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படுவது பரிசல். முன்பு அடியில் தோல் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். ஒரே துடுப்புதான். அதை வைத்துக்கொண்டு சுழலுக்கும் பாறைக்கும் நடுவே பரிசலைக் கொண்டு போவது சாமானியமா?

தண்ணீர் குறைந்தால் அருவி மெலியும், கூட்டம் வராது. 2023-ல் பருவமழை ஏமாற்றியது. அந்த ஆண்டு மழைக்காலத்தில் மேட்டூர் அணை நிரம்பவில்லை.

அடுத்த ஆண்டு நேர்மாறு! 2024 ஜூலை கடைசியில் நீர்வரத்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடியையும் தாண்டியது. ஜூலை 30-ல் மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. டெல்டா விவசாயிகள் மகிழ்ந்தார்கள். ஒகேனக்கல்லிலோ குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை! அருவிகளே வெள்ளத்தில் மூழ்கின. துடுப்பு கரையில் கிடந்தால் கூலி ஏது?

ஆனாலும் தடை தேவைதான். 2015-ல் பரிசல் கவிழ்ந்து, சுற்றுலா வந்தவர்கள் உயிரிழந்த துயரத்தை யாரும் மறக்க முடியாது.

போகிறவர்கள் கவனிக்க

புறப்படும் முன் அன்றைய நீர்வரத்தையும், தடை இருக்கிறதா என்பதையும் செய்தியில் பாருங்கள்.

உயிர் காக்கும் உடுப்பை அணியாமல் பரிசலில் ஏறாதீர்கள். ஓடும் பரிசலில் எழுந்து நிற்காதீர்கள்.

தடை செய்த இடத்தில் இறங்காதீர்கள். பாறை வழுக்கும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

ஆடிப் பெருக்கன்று குடும்பம் குடும்பமாக வந்து காவிரியை வணங்குகிறார்கள். பரிசல்காரர் வீட்டு வேண்டுதல் மட்டும் கொஞ்சம் வேறு.

"தாயே, வா! ஆனால் அளவோடு வா!"