இரண்டு அச்சங்கள்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் 'அணுகுண்டு' என்றால் சிறுவர்கூட அஞ்சுவதில்லை. மருந்தைக் காகிதத்தில் அடைத்துச் சணல் சுற்றித் திரி வைத்த வெடிக்கு இங்கே அதுதான் பெயர். ஆனால் இப்பெயர் ஒரு காலத்தில் உலகத்தையே நடுங்க வைத்தது. அதனோடு இணைந்து மற்றோர் அச்சமும் வளர்ந்தது. அது கம்யூனிஸ்டுகளைப் பற்றிய அச்சம். இவ்விரண்டும் நம் தமிழகத்திலும் நிலவின என்பதை இன்றைய இளைஞர்களில் பலர் அறியார்.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் அழிந்தன. 1949இல் சோவியத் ரஷ்யாவும் அணுகுண்டைச் சோதித்தது. அதே ஆண்டில் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தனர். அமெரிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மேசையின் கீழே பதுங்கிக்கொள்ளப் பயிற்சி அளிக்கப்பட்டது. அண்டை வீட்டாரையே ஐயுறும் நிலை அங்கு உண்டாயிற்று.

இங்கோ, 1948இல் கல்கத்தா மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்டப் பாதையை ஏற்றது. தெலங்கானாவில் போராட்டம் மூண்டிருந்தது. எனவே மக்களின் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆனால் அச்சம் அளவு கடந்தபோது விளைந்தது என்ன? 1949இல் சென்னை மாகாணத்தில் அக்கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். சிறைக் கம்பிகளுக்குள் அடைபட்டிருந்தவர்கள் அவர்கள்!

1952 தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸ் பெற்றவை 152. கம்யூனிஸ்டுகள் 62 இடங்களில் வென்றனர். சிறையிலிருந்தபடியே மதுரையில் வென்றார் பி. ராமமூர்த்தி. அவ்வாண்டு ஏப்ரலில் முதலமைச்சரான ராஜாஜி, கம்யூனிஸ்டுகளே தம் முதல் எதிரி என்று வெளிப்படையாக அறிவித்தார்.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. கம்யூனிசத்தை அவ்வளவு வெறுத்த ராஜாஜி, அதை ஒடுக்க அணுகுண்டு வேண்டும் என்ற வாதத்தை ஏற்கவில்லை. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியர் மீது படிந்தது. அச்சோதனைகளை எதிர்த்து அவர் இடைவிடாது எழுதினார். 1962 செப்டம்பரில், 83ஆம் வயதில், காந்தி சமாதான அறக்கட்டளைக் குழுவுடன் வாஷிங்டன் சென்று அதிபர் கென்னடியிடம் நேரிலேயே முறையிட்டார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி உலகை அணுயுத்தத்தின் விளிம்பிற்குக் கொண்டு சென்றது. 1963இல்தான் நிலத்தின் மேலும் கடலிலும் வானிலும் சோதனை நடத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

மற்றோர் அச்சம் என்னவாயிற்று? 1967 தேர்தலில் தி.மு.க. தலைமையிலான அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும், காயிதே மில்லத்தின் முஸ்லிம் லீகும், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்றாக நின்றன. அந்தத் தேர்தலில் ராமமூர்த்தி மதுரையின் மக்களவை உறுப்பினரானார். கொள்கை வேற்றுமை மறையவில்லை; ஆனால் 'முதல் எதிரி'யோடு ஒரே அணியில் நிற்க முடிந்தது.

மனிதரைப் பற்றிய அச்சம் பழகப் பழகக் குறையும். ஆயுதத்தைப் பற்றிய அச்சமோ குறையலாகாது. இந்தியா 1974இலும் 1998இலும் பொக்ரானில் சோதனை நடத்தியது. 1998இல் பாகிஸ்தானும் நடத்தியது. இன்று ஒன்பது நாடுகளிடம் அணுகுண்டுகள் உள்ளன.

மருந்துக் கலவை அறையில் வேலை செய்யும் நம் ஊர்த் தொழிலாளியைப் பாருங்கள். அவர் மருந்துக்கு அஞ்சுகிறார். உராய்வுக்கும் பொறிக்கும் அஞ்சுகிறார். அந்த அச்சமே அவர் உயிரைக் காக்கிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் எந்தக் கட்சி, எந்தச் சமயம் என்று அவர் அஞ்சுவதில்லை. ஆபத்து வந்தால் கைகொடுக்கப் போகிறவர் அந்த மனிதர்தாம் என்பது அவருக்குத் தெரியும். எதற்கு அஞ்ச வேண்டும், யாருக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதை நம் பிள்ளைகளும் இளமையிலேயே தெரிந்துகொள்ளட்டும்.