வடக்கே ஒரு வெண்திரை – 9: தூங்க விடாத அமைதி

வேலையில்லாப் பட்டதாரி ஒருவன் ஐந்து நட்சத்திர ஓட்டலின் மெத்தையில் புரண்டு புரண்டு படுக்கிறான். குளிர்சாதனம் இருக்கிறது, பட்டுப் போன்ற போர்வை இருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. அவனுடைய பழைய அறைக்குப் பக்கத்தில் ஒரு சினிமாக் கொட்டகை. சண்டைக் காட்சிகளின் இரைச்சலிலேயே தூங்கிப் பழகியவன் அவன். கடைசியில் அங்கே போய் அந்தச் சத்தத்தை டேப் ரெக்கார்டரில் பிடித்து வந்து, ஓட்டல் அறையில் ஓடவிட்டுத்தான் கண் அசருகிறான்.

‘பேசும் படம்’ பார்த்தவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள். வடசென்னையின் கொருக்குப்பேட்டைக்காரன் சிரிப்பதற்கு முன்னால் தலையாட்டுவான். கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வரும் தண்டவாளம் கும்மிடிப்பூண்டி பாதையோடு சேரும் இடம் இது. பக்கத்திலேயே கூட்ஸ் யார்டு. நள்ளிரவில் வேகன்களை மோதிக் கோக்கும் சத்தம், கேட் போடும் மணி, லாரிகளின் ஹாரன், சாவு வீட்டில் விடியும்வரை கானா. இங்கிருந்து கல்யாணமாகி அமைதியான நகர்ப்பக்கம் போன அக்காக்கள், ராத்திரியில் ‘காது அடைச்ச மாதிரி இருக்கு’ என்பார்கள். அதை நகைச்சுவையாக அவர்கள் சொல்வதில்லை.

படம் வந்தது 1987 நவம்பரில். ‘நாயகன்’ தீபாவளிக்கு வந்து ஊரே வேலு நாயக்கரைப் போலப் பேசிக்கொண்டிருந்த நேரம். அதே கமல் ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திரையில் நின்றார். இயக்கம் சிங்கீதம் சீனிவாச ராவ். தயாரிப்பில் அவரோடு சேர்ந்தவர் கன்னடக்காரரான சிருங்கார் நாகராஜ். கதை நடப்பது பெங்களூரில். அந்த ஓட்டல், விண்ட்சர் மேனர். வசனம் இல்லாததால் டப்பிங் தேவைப்படவில்லை. கன்னடத்தில் ‘புஷ்பக விமானா’, இந்தியில் ‘புஷ்பக்’ என்று பெயரை மட்டும் மாற்றி வெளியிட்டார்கள். நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

ஊமைப் படம் என்றால் சாப்ளின் நினைவு வராமல் போகாது. ஹாலிவுட் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்ட பிறகும் அவர் பிடிவாதமாகப் பேசாமல் எடுத்த ‘சிட்டி லைட்ஸ்’ 1931 ஜனவரியில் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி, நம் பக்கத்து ஜார்ஜ் டவுனின் கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ திரையிடப்பட்டு, டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார். அன்று திறந்த வாயை நம் சினிமா அதன்பிறகு மூடவே இல்லை. பக்கம் பக்கமாக வசனம் பேசியவர்கள்தான் நமக்குத் தலைவர்களும் ஆனார்கள். அப்படிப்பட்ட ஊரில் பேசாத படம் எடுத்தது துணிச்சல்தான்.

சாப்ளினிடமிருந்து சிங்கீதம் விலகும் இடம்தான் எனக்கு முக்கியம். ‘சிட்டி லைட்ஸ்’ பணக்காரர் போதையில் ஏழையைக் கட்டித் தழுவி வீட்டுக்கு அழைத்துப்போவார். தெளிந்ததும் யாரென்றே தெரியாது. இங்கே தெருவோரம் குடித்து விழுந்துகிடக்கும் பணக்காரனை ஏழை தூக்கிக்கொண்டுபோய்த் தன் அறையில் கட்டிப்போட்டு, சாவியோடு ஓட்டலில் அவனிடத்துக்கு வந்துவிடுகிறான். நல்லவனை நாயகனாக்கும் வழக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு நம்மைச் சிரிக்கவும் வைத்துவிடுகிறார்கள். கட்டிப்போடப்பட்டவனின் கழிவைப் பரிசுப் பொட்டலமாகச் சுற்றி அவன் தெருவில் தொலைக்கப் பார்ப்பது கொஞ்சம் முகம் சுளிக்கவைக்கும். ஆனால் ஒரே ஒரு சின்ன அறையில் வாழ்பவனுக்கு அதுவும் ஒரு பிரச்சினைதானே? பிச்சைக்காரன் செத்துக் கிடக்க, அவன் சேர்த்துவைத்த நோட்டுகளுக்கு ஜனங்கள் அடித்துக்கொள்ளும் காட்சி, வசனம் இருந்திருந்தால் பிரசங்கமாகியிருக்கும்.

கொலைகாரனாக வரும் டினு ஆனந்தின் ஐஸ் கத்தி சமாசாரம் புத்திசாலித்தனமானது. குத்தியதும் உருகிவிடும், தடயம் கிடையாது. என்றாலும் அந்தக் கொலைகாரன் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. காதலியாக வரும் அமலாவும் கமலும் சைகையில் பேசிக்கொள்ளும் இடங்களுக்கு அந்த நேரத்தைக் கொடுத்திருக்கலாம்.

முடிவில் அவள் ரோஜாவோடு ஒரு சீட்டையும் கொடுத்துவிட்டுப் போகிறாள். காற்று சீட்டைச் சாக்கடைக்குக் கொண்டுபோகிறது. அவன் மறுபடி வேலைக்கான வரிசையில். ஓட்டலின் அமைதி அவனுக்கு வாடகைக்குக் கிடைத்த பொருள்தான்; ஏழைக்கு விதித்தது இரைச்சல் என்பதைப் படம் கறாராகச் சொல்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பெங்களூர்ப் படமாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு வேண்டுகோள். வசனம் இல்லாத படம்தானே என்று கைபேசியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். எல்.வைத்தியநாதனின் இசையும், கொட்டகையின் கூச்சலும், தெருவின் இரைச்சலும் சேர்ந்ததுதான் இந்தப் படத்தின் வசனம்.

அடுத்த வாரம்: கினிமா சென்ட்ரலும் ‘காளிதாஸ்’ படமும்.