நின்றால்தான் ஓடும்! (சினிமா புரொஜெக்டரின் ரகசியம்)



"படம் ஓடுது" என்றுதான் நாம் சொல்கிறோம். ஆனால் பழைய பிலிம் புரொஜெக்டரில் பிலிம் ஓடும்போது திரையில் ஒன்றுமே தெரியாது. நிற்கும்போதுதான் படம் தெரியும். என்னடா இது, தலைகீழா சொல்றாளேன்னு நினைக்காதீங்க. மேலே படியுங்கள்.

எங்கள் பெரியப்பா முதலில் டூரிங் டாக்கீஸிலும் பிறகு டவுன் தியேட்டரிலும் ஆபரேட்டராக இருந்தவர். இதில் பாதி அவர் சொல்லித் தெரிந்தது.

பிலிம் எப்படி இருக்கும்?

பெரியப்பாவிடம் ஒரு முழம் பிலிம் துண்டு இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் 35 மில்லிமீட்டர். இரண்டு ஓரமும் வரிசையாக ஓட்டைகள். ஒரு படத்துக்கு ஒரு பக்கம் 4 ஓட்டை. பக்கத்துப் பக்கத்துப் படங்களைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். கூர்ந்து பார்த்தால் கை மட்டும் ஒரு துளி நகர்ந்திருக்கும். இப்படி 24 படங்களை ஒரு வினாடியில் அடுத்தடுத்துக் காட்டினால், நம் கண்ணும் மூளையும் சேர்ந்து அதை அசைவாக எடுத்துக்கொள்கின்றன.

நிறுத்தும் நட்சத்திரம்

சரி, பிலிமை விளக்குக்கு முன்னால் சர்ரென்று இழுத்துவிட்டால் போதாதா? போதாது. எல்லாம் சேர்ந்து கோடு கோடாக இழுத்த மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு படமும் விளக்குக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அடுத்தது வர வேண்டும்.

இதற்காகப் புரொஜெக்டரில் நட்சத்திரம் போல நாலு பள்ளம் வெட்டிய ஒரு சக்கரம் இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு சக்கரம், அதில் ஒரு முளை. முளைச் சக்கரம் நிற்காமல் சுற்றும். முளை ஒரு பள்ளத்துக்குள் நுழைந்தால் நட்சத்திரம் கால் சுற்று திரும்பும். முளை வெளியே வந்ததும் நட்சத்திரம் பூட்டு போட்ட மாதிரி நின்றுவிடும். நட்சத்திரத்தோடு சேர்ந்த பல் சக்கரத்தில் 16 பற்கள். கால் சுற்று என்றால் 4 பல், அதாவது 4 ஓட்டை, அதாவது சரியாக ஒரு படம்! காலில் ஒரு பங்கு நேரம் நகரும், முக்கால் பங்கு நிற்கும். ஒரு வினாடியில் இது 24 தடவை நடக்கிறது.

பாதி நேரம் இருட்டு

பிலிம் நகரும் அந்தக் கொஞ்ச நேரமும் வெளிச்சம் பட்டால் படம் கலங்கிவிடும். அதனால் விசிறி மாதிரி ஒரு மறைப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டு இறக்கை. ஒன்று பிலிம் நகரும்போது வெளிச்சத்தை மறைக்கும். மற்றொன்று படம் நிற்கும்போதே நடுவில் ஒரு தடவை மறைக்கும். எதற்கு? வினாடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் வந்தால் கண்ணுக்கு மினுக் மினுக் என்று தெரியும். 48 முறை வந்தால் அந்த மினுக்கல் தெரியாது. இதனால் இரண்டரை மணி நேரப் படத்தில் ஏறக்குறைய பாதி நேரம் திரை இருட்டாகவே இருந்தது. பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியாது!

வளையமும் சத்தமும்

மேலே ரீலிலிருந்து பிலிம் நிற்காமல் வருகிறது. நடுவில் நின்று நின்று போகிறது. அப்போ அறுந்து போகாதா? போகாமல் இருக்க, மேலேயும் கீழேயும் பிலிமைக் கொஞ்சம் தளர்வாக வளையம் விட்டு மாட்டுவார்கள்.

சத்தம் பிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக இருக்கும். சிறு விளக்கின் ஒளி அதன் வழியாகப் போய், ஏறி இறங்கி, மின்சாரமாகி ஒலிபெருக்கிக்குப் போகும். பிலிம் குதித்துக் குதித்துப் போகும் இடத்தில் சத்தம் எடுத்தால் கரகரவென்று இருக்கும். அதனால் பிலிம் சீராக ஓடும் கீழ்ப்பகுதியில் எடுப்பார்கள். ஒரு படத்துக்குரிய சத்தம் அதிலிருந்து சுமார் 20 படம் தள்ளித்தான் பதிவாகியிருக்கும். "வளையம் கூடக்குறைய விட்டா வாய் ஒரு பக்கம் பேசும், சத்தம் ஒரு பக்கம் கேட்கும். ஜனங்க விசில் அடிச்சே கொன்னுடுவாங்க" என்பார் பெரியப்பா.

வெளிச்சம்

அந்தக் காலத்தில் பல்பு கிடையாது, இரண்டு கார்பன் குச்சிகள்தான். நுனிகளுக்கு நடுவில் மின்சாரம் தாவும்போது வெல்டிங் வைப்பது போல வெளிச்சம் வரும். எரிய எரிய குச்சி குறையும், இடைவெளி கூடும், திரை மங்கும். அதை நகர்த்திச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். பிலிம் எங்காவது சிக்கி நின்றால் அந்தச் சூட்டில் பொசுங்கிவிடும். ஊரே படம் பார்க்கும்போது ஆபரேட்டர் மட்டும் விளக்கைத்தான் பார்த்திருப்பார். "நான் ஒரு படத்தையும் முழுசா பார்த்ததில்லைம்மா" என்று பெரியப்பா சொன்னபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பின்னாளில் செனான் விளக்கு வந்து அந்தப் பாடு குறைந்தது.

யார் கண்டுபிடித்தது?

பலர் சேர்ந்து வளர்த்த கருவி இது. பிரான்சின் லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28-ல் பாரிஸில் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். அவர்களுடைய கருவியில் நட்சத்திரம் இல்லை. பிலிமை இழுத்துவிடும் கொக்கி இருந்தது. அந்த யோசனை தையல் மிஷினிலிருந்து வந்ததாம்! நம் பக்கத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர் 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டர் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார்.

இப்போது தியேட்டர்களில் டிஜிட்டல் கருவிகள்தான். பெரியப்பா ஓட்டிய மிஷின் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விட்டது. ஆனால் பிலிம் மாட்டும் முறையை இன்றும் வெறும் கையாலேயே காற்றில் செய்து காட்டுகிறார். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு தாத்தா இருக்கலாம். கேட்டு எழுதி வாருங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

செய்து பார்க்க: தையல் மிஷினின் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி நிற்கும். ஊசி மேலே போனதும் நகரும். நம்ம நட்சத்திரம் செய்யும் வேலையும் இதுதான்!

கணக்குப் போட: ஒரு அடி பிலிமில் 16 படம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு எத்தனை அடி பிலிம்? (விடை: 13,500 அடி. நாலு கிலோமீட்டருக்கும் மேல்!)



— 9-ஆம் வகுப்பு மாணவி