கல்லணையில் ஒரு கோடு!

"கார் இருக்கிறது, பஸ் இருக்கிறது, சைக்கிளிலா போகப் போகிறீர்கள்?" என்று கேட்டார் திருவரங்கத்து நண்பர். ஆம், சைக்கிளில்தான் என்றோம். ஆடி மாதம், எதிர்க்காற்று ஆளைத் தள்ளும் என்றார். தள்ளட்டும் என்றோம். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் மகன் கல்லூரிக்கு ஓட்டிப் போய்ப் பின் மறந்துபோன சைக்கிளைத் தாழ்வாரத்திலிருந்து உருட்டி வந்து, துடைத்து, எண்ணெய் விட்டு நம் கையில் ஒப்படைத்தார். இருக்கை சற்று உயரம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே ஓடுவது காவிரி, வடக்கே ஓடுவது கொள்ளிடம். கல்லணையருகே இரண்டும் மீண்டும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. இடையில் கிடப்பதுதான் திருவரங்கத் தீவு. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீளம். கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் ஆயிரம். 1987இல் கட்டி முடிந்த 236 அடி இராஜகோபுரம் அல்லவா, பார்க்க வேண்டியதுதான்! ஆனால் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களில் எத்தனை பேர் தாம் ஒரு தீவில் நின்றோம் என்று அறிந்து போகிறார்கள்? காரில் வந்தவருக்குப் பாலம் ஒரு நிமிடம். சைக்கிளில் வந்தவருக்கு ஆறு ஆறாகவே தெரிகிறது.

விடியற்காலையில் காவிரிப் பாலத்தில் ஏறினோம். 1976இல் திறந்த பாலம். 2022 செப்டம்பரில் பழுது பார்க்க மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த ஆறு மாதமும் தீவுக்காரர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் ஒரு புராணம் சொல்வார்கள். அந்நேரத்தில் பாலத்தின்மேல் சைக்கிளில் போகிறவர்கள் யார்? வாழை இலைக் கட்டைக் கேரியரில் வைத்துக் கட்டியவர். பால் கேனை இருபுறமும் தொங்கவிட்டவர். கட்டட வேலைக்குச் செல்லும் கொத்தனார், அவர் கரண்டி பையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. உடல் மெலிய வேண்டுமென்று தலைக்கவசமும் பளபளக்கும் சட்டையும் அணிந்து வந்த இளைஞர் இருவர், ஒருவருடைய வண்டியின் விலையில் நாட்டுப்பசு வாங்கலாம். முன்னவர் மூவரும் போக வேண்டிய இடத்துக்குப் போகிறார்கள். பின்னவர் இருவரும் போன இடத்திலிருந்து திரும்புவதற்காகப் போகிறார்கள். நாமும் பின்னவர் கட்சிதான், மறைப்பானேன்!

சைக்கிள் என்றதும் வயதானவர்களுக்கு நினைவு வரும். நகராட்சிக்கு வரி கட்டி வாங்கிய வில்லையை வண்டியில் மாட்டியிருக்க வேண்டும். இருட்டியபின் விளக்கில்லாமல் ஓட்டினால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். இருவர் ஏறினால் குற்றம். மணிக்கு இத்தனை என்று வாடகை சைக்கிள் எடுத்துப் பழகி முட்டி தேய்ந்தவர்கள் எத்தனை பேர்! பொன்மலை ரயில்வே பட்டறைச் சங்கு ஊதினால் சாலை முழுதும் சைக்கிள். 1960களில் திருவெறும்பூரில் கொதிகலன் தொழிற்சாலை வந்தபோது இன்னொரு சைக்கிள் வெள்ளம். பட்டறையும் தொழிற்சாலையும் இன்றும் இருக்கின்றன. வெள்ளம்தான் மோட்டார் சைக்கிளாகிவிட்டது.

முதல் நாள் மேற்கே, முக்கொம்புக்கு. குடமுருட்டிப் பாலம் கடந்து, கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் என்று ஆற்றை ஒட்டியே சாலை. பதினெட்டுக் கிலோமீட்டர். அதில் பத்துக் கிலோமீட்டர் காற்றோடு மல்யுத்தம். நண்பர் சொன்னது சரி என்பதை அவரிடம் சொல்லவில்லை.

முக்கொம்பு என்றால் ஊரார்க்கு ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா. பிள்ளைகள் ஊஞ்சலாடுகிறார்கள், மீன் வறுக்கும் மணம் வருகிறது. ஆனால் தஞ்சைத் தரணியின் உயிர் முடிச்சு இங்கே இருக்கிறது. கொள்ளிடம் பள்ளமானது, நேராகக் கடலுக்கு ஓடுவது. காவிரி மேடானது, மணல் சேருவது. தண்ணீருக்குப் பள்ளம்தானே பிரியம்! பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளிடம் மேலும் மேலும் தண்ணீரை இழுத்துக்கொண்டது. காவிரியை நம்பிய வயல்கள் காய்ந்தன. ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் 1836இல் கொள்ளிடத்தின் தலையில் மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார். ஆளவந்தவர்கள் வரிக்காகத்தான் வயலைப் பார்த்தார்கள் என்பது உண்மை. அந்த அணை பலன் தந்தது என்பதும் உண்மை.

அந்த மேலணைக்கு 2018 ஆகஸ்டில் என்ன நேர்ந்தது? பல ஆண்டு வறட்சிக்குப் பின் மேட்டூர் நிரம்பி வழிந்த நேரம். முதலில் திருவானைக்காவுக்கும் டோல்கேட்டுக்கும் இடையே 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்து, ஒரு பகுதி கொள்ளிடத்தில் விழுந்தது. பக்கத்திலேயே புதுப்பாலம் 2016இல் வந்துவிட்டதால் பழைய பாலத்தில் அன்று வண்டிகள் இல்லை. அடுத்த சில நாளில், ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு, மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டன. வயலுக்கு வரவேண்டிய தண்ணீர் கடலுக்குப் போயிற்று. பாறாங்கல்லும் மணல் மூட்டையும் போட்டு அடைக்க இரவு பகலாகப் பாடுபட்டார்கள். பழமையால் விழுந்தது என்றது அரசு. ஆற்று மணலை அள்ளி அள்ளி அடியைப் பறித்ததால் விழுந்தது என்றார்கள் உழவர்கள். 182 ஆண்டு கிழவன் விழுந்தான் என்றால் முதுமை என்று ஒப்பலாம். ஆனால் கிழவன் நிற்கும் தரையை ஒருவன் தோண்டிக்கொண்டே இருந்தால் அதையும் முதுமைக் கணக்கிலா எழுதுவது? இன்று அங்கே ரூ.387 கோடியில் கட்டிய புதிய கதவணை நிற்கிறது. பழைய அணையின் மதகு வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். திரும்பும்போது காற்று முதுகில். மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கிழக்கே. திருவானைக்கா கோவில் மதிலைச் சுற்றி, திருவளர்ச்சோலைச் சாலையைப் பிடித்தோம். இந்தச் சாலையைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். வலப்புறம் காவிரிக் கரை. இடப்புறம் வாழை, வாழை, வாழை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி. காற்றுக்கு மரம் சாயாதிருக்கச் சவுக்குக் கழியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால், உள்ளே நுழைந்தால் பட்டப்பகலில் அந்தி போல இருள், குளிர்ச்சி. சாலை குறுகல். எதிரே பஸ் வந்தால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்க வேண்டும். வரப்பில் நின்று பஸ்ஸுக்கு வழிவிட்ட நேரங்களில்தான் நாம் இந்த ஊர்களைப் பார்த்தோம்.

உத்தமர்சீலியில் ஒரு தரைப்பாலம். காவிரியில் வெள்ளம் மிகுந்தால் உபரி நீர் இவ்வழியே சாலையைக் கடந்து கொள்ளிடத்தில் விழும். அப்போது போக்குவரத்து நின்றுவிடும். ஆறு தன் பாரத்தைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும் இடம் இது. டீக்கடையில் நின்றோம். தார் வெட்டி ஏற்றிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் நம் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கேருந்து தம்பி வர்றீங்க?"

"சீரங்கத்திலேருந்துங்க ஐயா. கல்லணை வரைக்கும்."

"வேண்டுதலா?"

இல்லை, சும்மாதான் என்றோம். சும்மா ஒருவன் இவ்வளவு தூரம் மிதிப்பான் என்பதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. பத்திரிகைக்கு எழுதுவோம் என்றதும் முகம் மாறியது. "அப்ப இதை எழுதுங்க. நாங்க டெல்டாவா இல்லையா? அதை மட்டும் கேட்டு எழுதுங்க," என்றார்.

அவர் கேள்வியின் பொருள் கல்லணையில் விளங்கிற்று.

கல்லணை! கரிகாலன் பெயர் சொல்லாத தமிழன் இல்லை. நெகிழும் மணலில் கல்லை இறக்கி, அது தன் பாரத்தால் அமிழ்ந்து நிலைகொள்ள, அதன்மேல் மேலும் கல்லை அடுக்கி எழுப்பிய அணை. பள்ளமான கொள்ளிடத்தில் காவிரி நீர் விழுந்துவிடாமல் தடுப்பதே அதன் வேலை. வெள்ளம் மிகுந்தால் மேலே வழிந்து போகட்டும் என்று தாழ்வாகவே வைத்தார்கள். நீளம் 329 மீட்டர். மணலில் அடித்தளம் இடும் வித்தையைக் காட்டன் இங்கே கற்றார் என்பது வரலாறு. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். இன்று நாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் பாலமும், வரிசையாக நிற்கும் மதகுகளும் கரிகாலன் வைத்தவை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பின்னரும் உயர்த்தி, திறந்து, பூட்டி அமைத்தவை. பழம்பெருமை பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. சொன்னால் கரிகாலன் குறைந்துவிட மாட்டான். அவன் போட்ட கல் அடியில் இருந்ததால்தான் பின்னால் வந்தவன் மேலே கட்ட முடிந்தது.

இங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகிறது. புது ஆறு மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களை நெல்வயலாக்கியது. மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் சில நாளில் இங்கே மதகு திறக்கும், நெல்லும் பூவும் தூவுவார்கள். திறக்கும் தேதி தவறும் ஆண்டுகளும் உண்டு. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அணையைக் கடந்து இரண்டு மிதி மிதித்தால் தோகூர். மாவட்டப் பலகை நிற்கிறது. இந்தப் பக்கம் திருச்சி, அந்தப் பக்கம் தஞ்சாவூர். பெரியவர் சொன்ன கோடு இதுதான்.

2020 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் சேலம் மாவட்டத்து விழா மேடையில் காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தபோது, தஞ்சை, திருவாரூர், நாகையோடு திருச்சி, அரியலூர், கரூர் பெயர்களையும் சொன்னார். ஊர் மகிழ்ந்தது. அதே மாதம் சட்டம் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்களுக்கும் துத்தநாக, செம்பு, அலுமினிய உருக்காலைகளுக்கும் தடை. நல்ல சட்டம், வரவேற்கத்தக்க சட்டம். ஆனால் பட்டியலைப் புரட்டினால் தஞ்சை, திருவாரூர், நாகை முழுதும் இருந்தன. கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்கள் இருந்தன. திருச்சி இல்லை. அரியலூர் இல்லை. கரூர் இல்லை. மேடையில் இருந்த மூன்று பெயர்கள் சட்டப் புத்தகத்துக்கு வரும் வழியில் எங்கே இறங்கிக்கொண்டன?

திருச்சி முழுதும் வயல் அல்ல என்பார்கள். ஒப்புக்கொள்கிறோம். மணப்பாறைப் பக்கம் மானாவாரி, திருவெறும்பூர்ப் பக்கம் ஆலை. ஆனால் கடலூரில் ஒன்றியம் ஒன்றியமாகப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பேனாவுக்குத் திருச்சியில் மட்டும் அந்தக் கணக்கு மறந்ததேன்? உய்யக்கொண்டான் பாயும் நிலம் காவிரி நிலம் இல்லையா? பெருவளை, அய்யன், புள்ளம்பாடி வாய்க்கால்கள் எந்த ஆற்றிலிருந்து வருகின்றன? 2021இல் குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவித்தபோது திருச்சியும் டெல்டா மாவட்டம் என்று சேர்த்துக்கொண்டார்கள். உரம் கொடுக்கும்போது டெல்டா, காப்புக் கொடுக்கும்போது வேறு ஊரா? முக்கொம்பு திருச்சியில் இருக்கிறது. பிள்ளைக்குக் காப்புக் கட்டிவிட்டுத் தாயை வாசலில் நிறுத்துவது என்ன முறை?

முதல் மேடையில் சொன்னதையே கேட்கிறோம். லால்குடி, திருவரங்கம், முசிறி வட்டங்களில் காவிரியும் கொள்ளிடமும் பாயும் ஊர்களையாவது, கடலூரில் செய்ததுபோல ஒன்றியவாரியாகச் சட்டத்தின் பட்டியலில் சேர்ப்பதற்கு என்ன தடை? கோப்பைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் ஒரு நாள் சைக்கிளில் தோகூருக்கு வரட்டும். பலகைக்கு இந்தப் பக்கத்து நாற்று எது, அந்தப் பக்கத்து நாற்று எது என்று காட்டட்டும்.

திரும்பும் வழி தென்கரை. வேங்கூர், முல்லைக்குடி, பனையக்குறிச்சி. முகத்தில் ஆடிக்காற்று. முல்லைக்குடி அருகே பள்ளி விட்ட நேரம். பெண் பிள்ளைகள் அரசு கொடுத்த சைக்கிள்களில் நம்மைச் சிரித்துக்கொண்டே கடந்து போனார்கள். நமக்கு வெட்கமில்லை, மகிழ்ச்சிதான். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தெற்கே புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். 1992இல் மகளிர் நாளை ஒட்டி 70,000க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் அதை எழுதினார். வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடத்தில் புதுக்கோட்டையைப் படித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும்?

சர்க்கார்பாளையத்தில் பின் சக்கரம் பஞ்சர். ஒட்டிக் கொடுத்தவர் கூலி சொன்னபின், "இந்த மாதிரி சைக்கிளு இப்ப வாரத்துக்கு ரெண்டு வந்தா பெரிசுண்ணே," என்றார். இருட்டும்போது காவிரிப் பாலத்தில் ஏறினோம். மலைக்கோட்டையில் விளக்கு எரிந்தது. நம் சைக்கிளில் விளக்கில்லை.